மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்

1

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மாமனாரின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். "சண்முகம்!" என்று ஒரே ஒரு தடவை. மேளக்காரர்கள் சரியாக அந்த நேரம் பார்த்து வாத்தியத்தைக் கீழே வைத்திருந்தார்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கப்சிப்பென்று அடங்கியது. வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் மகன் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கப்படி அவன் பெயரும் சண்முகம்தான்.

"ஏ, கல்கத்தாவுக்குப் போனா மாமனாரப் பேர் சொல்லிக் கூப்பிடவும் படிச்சுக் குடுக்காவளோ?" என்றாள் என் சின்ன நாத்தனார், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவளுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இன்னொன்று. மாமனார் முன் வரிசையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மருமகள் மானத்தை வாங்குகிறாள், மனுஷன் பாட்டுக்கு வெற்றிலை போடுகிறாரே என்று அவளுக்கு ஆத்திரம்.

பதில் சொல்வதற்குள் இலை போட்டுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன், பாருங்கள். ஹவுராவில் இறங்கினால்தான் இப்போது எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது. என் நாத்தனாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

அறுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வங்கி வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. பவானிபூரில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மாள், மாஷிமா. பெரியம்மா, சித்தி முறையில் யாரைக் கூப்பிடுவதானாலும் இங்கே மாஷிமாதான். மகள் மீனா இங்கே வந்து நடை பழகியவள். அவள் தமிழ் பேசினால் வங்காளப் பெண் தமிழ் கற்றுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். "அம்மா, சாதம் சாப்பிட்டு ஆயிற்றா நீ?" என்பாள். அதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

பையன் அதற்கப்புறம், பிரசவத்துக்குப் போன இடத்தில், பாளையங்கோட்டையில் பிறந்தான். மூன்று வயது ஆகியும் கூப்பிட்டால் திரும்பமாட்டான். முகத்தைப் பார்க்கமாட்டான். காது கேட்கவில்லையோ என்று பார்த்தால், அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற சத்தத்துக்கு ஓடி வருவான். மின்விசிறி சுற்றுவதை மணிக்கணக்காகப் பார்ப்பான். கல்கத்தாவில் மின்வெட்டு இல்லாத நாள் ஏது? விசிறி நின்றதும் அவன் அழுகிற அழுகையில் தெருவே எங்கள் வீட்டுக்காகச் சாமி கும்பிடும்.

டாக்டர் டாக்டராக அலைந்தோம். ஒருவர் என்னைத் தனியாக உட்காரவைத்து, "குழந்தையிடம் நீங்கள் பாசமாக இருப்பதுண்டா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், தாய் சரியாக இல்லாததால் பிள்ளை இப்படி என்று. நான் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் நின்று அழுததையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு டாக்டர் நல்லவர். அவர்தான் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொன்னார். மருந்து இல்லை, ஆனால் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வான், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்றார். யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடங்களில் கேட்டுப்பாருங்கள் என்றார்.

இரண்டு பள்ளிக்கூடங்களில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, எங்கள் தெருவிலிருந்து டிராமில் கொஞ்ச தூரம். பழைய வீடு ஒன்றில் நடந்த சின்னப் பள்ளி. அங்கேதான் அணிமா தீதிமணி இருந்தார்.

3

டீச்சரைத் தீதிமணி என்பார்கள். இவர் கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் அதன் மேல் சாக்கட்டித் தூளுமாக இருப்பார். டிராம் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்குவார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவர் எங்கும் படித்துவரவில்லை. "எனக்குத் தெரியாது. ஆனால் இவனைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். நீங்களும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். நானும் உட்கார்ந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வங்காள எழுத்துப் படித்தேன்.

அவர் செய்ததெல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சொல்வதற்கு முன்னால் காட்டுவார். படம் போடுகிற நேரம் முடிந்து சாப்பாட்டு நேரம் வந்தால், "சாப்பிடு" என்று சொல்லமாட்டார். அவனுடைய டிபன் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பார். அவன் அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வார்த்தை வரும், அதுவும் ஒரே வார்த்தை. நானும் வீட்டில் அப்படியே செய்தேன். துண்டைக் கையில் கொடுத்தால் குளியல், செருப்பைக் காட்டினால் வெளியே. தினமும் காலையில் குளிப்பாட்டுவதற்குள் எனக்கும் அவனுக்கும் ஒரு யுத்தம் நடக்கும். துண்டு வந்த பிறகு அந்த யுத்தம் தானாக ஓய்ந்தது. அடுத்தது என்ன என்று தெரியாத பயத்தில்தான் பிள்ளை இத்தனை நாள் கத்தியிருக்கிறான். அது தெரிந்த அன்று தீதிமணியின் காலில் விழுந்திருப்பேன், அவர் விடமாட்டார்.

எந்த மொழி என்று வீட்டில் பெரிய தகராறு. என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் என்றார், மீனா வங்காளம் என்றாள். தமிழ் இல்லாவிட்டால் என்னை அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பஞ்சாயத்துப் பண்ணத் தீதிமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார், முறுக்கு தின்றார், நாங்கள் அவனிடம் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"மொழி இருக்கட்டும். இவனை இந்த வீட்டில் என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விரல் விட்டுச் சொன்னார். நான் அவனை ஐயா என்கிறேன், ராசா என்கிறேன். இவன் அப்பா பெரியவரே என்கிறார். மீனா தம்பி என்கிறாள். கீழே மாஷிமா கோகா என்கிறார், சின்னப் பையனை வங்காளத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். பால்காரன் பாபு என்கிறான். "பள்ளியில் நான் ஆஜர் எடுக்கும்போது சண்முகம் என்கிறேன். அந்தப் பெயரை இந்த வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே!"

எப்படிச் சொல்வோம்? மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது. மகனும் அப்பா பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை ஏய், வாடா என்று கூப்பிடமாட்டார். ரேஷன் கார்டு எடுக்கப்போன இடத்தில், மகன் பெயர் என்ன என்று கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு மீனாவின் தோளை இடித்தேன். பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன பெண் என்று அந்தக் குமாஸ்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பெருமையாகத் தாத்தா பெயரை வைப்போம். வைத்துவிட்டு அதைப் பெட்டியில் பூட்டிவிடுவோம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான். மற்றப் பிள்ளைகள் எத்தனை பெயருக்கும் திரும்பிக்கொள்கிறார்கள்.

"எங்கள் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று உண்டு. அவர்கள் சமாளிப்பார்கள். இவனுக்கு அது முடியாது" என்றார் தீதிமணி. "இந்தத் தெருவில் தண்ணீருக்கு நாலு வார்த்தை இருக்கிறது. எல்லா மொழியிலும் ஒன்றாகவே இருக்கக்கூடியது இவன் பெயர் மட்டும்தான். அதைப் போய் ஏழாக உடைத்து வைத்திருக்கிறீர்கள்."

பெயர் சொல்லாததால்தான் அவன் இப்படி ஆனான் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அவன் பிறவியிலேயே அப்படி. ஆனால் ஒரு பொருளுக்கு ஒரே இடம், ஒரு செயலுக்கு ஒரே வார்த்தை என்று இருந்தால்தான் அவனால் பிடித்துக்கொள்ள முடியும். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் தெரிந்துகொள்ள ஒரு சத்தம் வேண்டுமே, அது அவனிடம் இல்லை.

பேசாமல் பெயரை மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் விசாரித்துப் பார்த்தார். கோர்ட்டில் பிரமாணப் பத்திரம், பேப்பரில் விளம்பரம், பிறந்த ஊரிலிருந்து சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்கள். அதைவிட, தன் பெயரை எடுத்துவிட்டோம் என்று மாமனாருக்குத் தெரிந்தால் என்ன ஆவது? அந்த நினைப்பிலேயே விட்டுவிட்டார்.

நாட்களும் அதிகம் இல்லை. பள்ளியில் டிசம்பரோடு வகுப்பு முடியும். தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் அதிகம். டீச்சர் ஒவ்வொருவன் தோளையும் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. பெயர் சொன்னால் கையைத் தூக்கட்டும், அது போதும். இல்லையென்றால் என்னால் எடுக்க முடியாது." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அளவுக்காவது கதவைத் திறந்துவைத்தவர் அவர் ஒருவர்தான்.

4

முதல் நாள் எனக்கு நாக்கு எழும்பவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பருப்புச் சட்டியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரரோ "சண்முகம்" என்றுவிட்டுத் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். மீனாதான் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தமிழ் போச்சே என்று அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். ஆனால் தம்பிக்கு வேண்டியது அன்று முதலில் அவளிடமிருந்துதான் கிடைத்தது.

தீதிமணி விதி போட்டார். ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும், தொணதொணக்கக் கூடாது. திரும்பினால் அவனுக்குப் பிடித்தது ஒன்று கையில் கிடைக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லித் திட்டவே கூடாது. முதல் வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை. பூஜை விடுமுறை முடிந்து ஒரு நாள், நான் கூப்பிட்டேன், விசிறியிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். கையில் முறுக்குத் துண்டு இருந்தது. அதற்கே அன்று பாயசம் வைத்தேன்.

நவம்பருக்குள் எங்கள் மூன்று பேர் குரலுக்கும் தீதிமணி குரலுக்கும் திரும்ப ஆரம்பித்தான். அப்போதுதான் மாமனார் வருவதாகத் தந்தி வந்தது.

5

மாமனார் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமாகி வெகுநாள். கோபக்காரர் இல்லை, ஆனால் அவர் இருக்கிற அறையில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். பேரன் தன் பெயரைச் சுமக்கிறான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"அப்பா இருக்குத வரைக்கும் இந்தப் பேரு விஷயத்தக் கொஞ்சம் ஒத்திப்போடுவோமே" என்றார் இவர். ஒத்திப்போட்டோம். ஐயா, தம்பி எல்லாம் திரும்பி வந்தது. சில நாளிலேயே பள்ளியில் தீதிமணி என்னைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள்? நேற்றிலிருந்து என் குரலுக்கே திரும்பமாட்டேன் என்கிறான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையன் ஜன்னலோரம் நின்றான். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம். பிள்ளை படித்த ஒரே படிப்பையும் என் பயத்தால் தொலைக்கவா என்று நினைத்தேன்.

"சண்முகம்!"

"என்னம்மா?" என்றார் மாமனார், பேப்பரைத் தாழ்த்தி. பிறகுதான் அவருக்கு உறைத்தது. மகன் அசையவில்லை. மாமனார் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பூங்கா பக்கம் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னார்: "புள்ளைக்கு வேற எதாச்சும் பேரு வச்சுக் கூப்பிடச் சொல்லு. தெருவே கேக்க எம்பேரச் சொல்லி ஏலம் போடுதா உன் பொண்டாட்டி." நான் நிறுத்தவில்லை. அவர் காதில் விழும்படியே கூப்பிட்டேன்.

டிசம்பரில் தலைமை ஆசிரியை வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். ஆஜர்ப் பட்டியலை அவரே படித்தார். சண்முகம் என்றார். அவன் பெஞ்சின் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தான். தீதிமணி அதே பெயரைச் சொன்னதும் திரும்பினான். "உங்கள் குரலுக்குத் திரும்புகிறான், பெயருக்கு இல்லை" என்றார் தலைமை ஆசிரியை. அவர் சொன்னது சரிதான். ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

தீதிமணி அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். "புதுக் குரல்கள் வேண்டும். இந்த வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே" என்று நேரே மாமனாரிடம் போனார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். "ஐயா, நீங்கள் போஸ்ட் மாஸ்டர். ஒரு ஆளுக்கு ஏழு விலாசம் இருந்தால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?" என்றார் தீதிமணி, மடக்கிவிட்ட நினைப்பில்.

"சேரும்" என்றார் மாமனார். "சேர்ப்பதுதான் எங்கள் வேலை."

தீதிமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். மாமனார் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "எம்பேர நானே கூப்பிடவா? அறுபது வயசுக்கு மேல எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நாலு பேரு நெனைக்கவா?"

6

அந்த வாரம் எங்கள் தெரு செய்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். தீதிமணி போகும்போது மாஷிமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாஷிமாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து, வாசலில் நின்று, "ஷண்முகம்" என்று ஒரு தடவை சொல்லி, ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டுப் போனார். இஸ்திரிக்காரர் துணி கொண்டுவந்தபோது கூப்பிட்டார். எதிர்வீட்டு வக்கீல் ஆபீஸ் போகிற அவசரத்தில் கீழேயிருந்து கூப்பிட்டார். கோகா என்று கொஞ்சிய மாஷிமா நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொன்னார். ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நம் பக்கமாக இருந்தால் முதலில் பிள்ளைக்கு என்ன என்று கேட்டு, நாலு கோயில் பெயர் சொல்லி, பிறகுதான் மற்றது. இவர்கள் பெயரைச் சொன்னார்கள், பிஸ்கட்டைக் கொடுத்தார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள்.

முதலில் டீக்கடைக்காரருக்குத் திரும்பினான். அப்புறம் இஸ்திரிக்காரருக்கு.

மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அவரும் பையனிடம் பேச்சுக் கொடுத்தபடிதான் இருந்தார். ஏலே என்பார், பேராண்டி என்பார். ஊரிலிருந்து கொண்டுவந்த பம்பரத்தைச் சுற்றிக் காட்டுவார். அவன் பம்பரத்தைப் பார்ப்பான், அவர் பக்கம் திரும்பமாட்டான். தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் திரும்புகிற பேரன், தன் பெயரைச் சுமக்கிற பேரன், தனக்குத் திரும்பவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "சண்முகம்" என்று ஓர் ஆண் குரல், மெதுவாக. மாமனாரைத் தேடி ஊர்க்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பையன் விசிறியை விட்டுத் திரும்பியிருந்தான். கையில் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. பதறிப்போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அவன் கிட்டே வந்து வாங்கிக்கொண்டான். வாங்கும்போது, கண்ணாடி இல்லாத அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். நான் சத்தம் போடாமல் அடுக்களைக்குத் திரும்பினேன். தோசை கரிந்துபோயிருந்தது.

தவணை முடிந்த நாள் பள்ளிக்கு மாமனாரும் வந்தார். வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமை ஆசிரியை ஒவ்வொரு பெயராகப் படித்தார். சண்முகம் என்றார். அவன் தலையைத் திருப்பினான். கை எழவில்லை. பக்கத்துப் பெஞ்சுச் சின்னப் பெண் தன் கையைத் தூக்கிக் காட்டினாள், சொல்வதற்கு முன் காட்டுகிற தீதிமணியின் வழக்கப்படியே. அவன் அவள் கையைப் பார்த்தான், தன் கையைத் தூக்கினான். தலைமை ஆசிரியை பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். தீதிமணி கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது அவன் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். பேச்சு கொஞ்சம்தான், வங்காளம் பாதி தமிழ் பாதி. கணக்கு வருகிறது, கதை வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கல்யாண மண்டபத்தில் ரோட்டைப் பார்த்து நடக்கிறவனை ஒரு சத்தத்தில் நிறுத்த முடிகிறது. அந்தச் சத்தத்தைத்தான் என் நாத்தனார் வெட்கங்கெட்டது என்கிறாள்.

அன்று பள்ளியிலிருந்து டிராமில் திரும்பினோம். மாமனார் பேரனை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"எங்க ஆத்தா போன பொறவு என்னைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல எம்மா. போஸ்ட் மாஸ்டருன்னாவ, அப்பான்னாவ, மாமான்னாவ. எம்பேரு எனக்கே மறந்துபோச்சு. இந்த ஒரு வாரமா காலைல கண்ண முழிச்சா உங்க தெரு பூரா அதத்தான் சொல்லுது." பேரன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். "நான் ஊருக்குப் போயிட்டேன்னு சத்தத்தக் கொறச்சிராத. நான் எதுத்தாப்புல இருந்தாலும் கூப்பிடு. நல்லா, ஓங்கிக் கூப்பிடு."